முதல் மேக்ரோ லென்ஸ்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கையில் கேனன் 1500டி, நிக்கான் டி3500 மாதிரி ஒரு தொடக்கநிலை கேமரா. கூட வந்த 18-55 லென்ஸில் வீட்டாரையும் கோயில் கோபுரத்தையும் எடுத்து முடித்தாயிற்று. இப்போது செம்பருத்தி இலையில் உட்கார்ந்திருக்கும் தாவும் சிலந்தியின் கண்ணை எடுக்க ஆசை. கடைக்குப் போனால் 'மேக்ரோ' என்று போட்ட நாலைந்து பெட்டிகளை மேசைமேல் அடுக்குவார்கள். ஒன்று எட்டாயிரம், இன்னொன்று முப்பத்தைந்தாயிரம். என்ன வித்தியாசம் என்று கேட்டால் "அது கம்பெனி சார்" என்று பதில் வரும். இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள நான் நிறைய அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் விலையையும் உருப்பெருக்கத்தையும் பார்ப்பார்கள். நீங்கள் வொர்க்கிங் டிஸ்டன்ஸைப் பாருங்கள். அதாவது லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி. பெட்டிமேல் அது அச்சாகியிருக்காது. கண்டுபிடிக்கும் வழி 5-ஆம் படியில் இருக்கிறது.

விலைகள் எல்லாம் நான் கடைசியாக விசாரித்த நிலவரம். முன்னே பின்னே இருக்கும்.

1. எதை எடுக்கப் போகிறீர்கள்?

நகை, நாணயம், தபால்தலை, சாப்பாட்டுத் தட்டு: இவை ஓடாது. பக்கத்தில் போனாலும் ஒன்றும் ஆகாது. குட்டையான 35, 40 மி.மீ லென்ஸே தாராளம்.

பூ, காளான், இலை நரம்பு: முழு மேக்ரோ (1:1, அதாவது பொருள் தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழுவது) தேவையே இல்லை. பாதி அளவு (1:2) போதும்.

பட்டாம்பூச்சி, தட்டான்: உருப்பெருக்கத்தைவிட தூரம் முக்கியம். உங்களிடம் 55-250 அல்லது 70-300 டெலி லென்ஸ் இருந்தால் புது லென்ஸ் வாங்காமலே வேலை முடிய வாய்ப்புண்டு.

எறும்பு, சிலந்தி, ஈ: இங்கேதான் 1:1 வேண்டும், கூடவே குறைந்தது 10 செ.மீ இடைவெளியும் வேண்டும். மாமரத்து முசுறு எறும்புக் கூட்டுக்கு 3 செ.மீ பக்கத்தில் லென்ஸைக் கொண்டுபோய்ப் பாருங்கள், நான் ஏன் சொல்கிறேன் என்று கையே சொல்லிவிடும்.

2. இருக்கும் லென்ஸை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்

காசு செலவில்லாத சோதனை. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைத் தட்டையாக வையுங்கள். கிட் லென்ஸை (கேமராவோடு வந்த 18-55) 55-க்கு இழுத்து, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, எவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் ஆகுமோ அவ்வளவு பக்கத்தில் போய் ஒரு படம் எடுங்கள். படத்தில் இடமிருந்து வலமாக எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். கேனன் என்றால் 22.3-ஐயும், நிக்கான் என்றால் 23.5-ஐயும் அந்த எண்ணால் வகுங்கள். அவை சென்சாரின் அகலம். வருகிற விடைதான் உருப்பெருக்கம்.

கேனன் 18-55 எஃப் 3.5-5.6 எஸ்டிஎம் லென்ஸில் 62 மி.மீ அளவுக்குத் தெரியும். 22.3-ஐ 62-ஆல் வகுத்தால் 0.36. நிக்கானின் ஏஎஃப்-பி 18-55 லென்ஸுக்கு 0.38. 1:1 என்றால் 22 மி.மீ ஸ்கேலே படம் முழுக்க நிறையும்.

5 மி.மீ நீளச் சிலந்தியை 24 மெகாபிக்சல் 1500டி-யில் எடுத்தால், கிட் லென்ஸில் அது சுமார் 480 பிக்சல் நீளம் இருக்கும். 1:1 லென்ஸில் சுமார் 1,350 பிக்சல். செல்ஃபோனில் பார்க்க 480-ஐ வெட்டி எடுத்துக்கூடப் பகிரலாம். கண்ணுக்குள் தெரியும் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் அது போதாது.

கடையில் எந்த லென்ஸைக் காட்டினாலும் இதே ஸ்கேல் சோதனையைச் செய்து பாருங்கள். ஸ்கேலைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

3. உங்கள் கேமரா எதை ஏற்கும்?

நிக்கான் டி3000, டி5000 வரிசைகளில் (டி3500, டி5600 எல்லாம் இதில்தான் வரும்) கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருக்க வேண்டும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று இருந்தால் ஓடும். 'டி' வகைப் பழைய லென்ஸ்கள் மாட்டிக்கொள்ளும், ஆனால் ஆட்டோஃபோகஸ் வராது. இணையத்தில் தேடும்போது இன்னொன்று: நிக்கான் தன் மேக்ரோ லென்ஸ்களை 'மைக்ரோ' என்ற பெயரில்தான் விற்கிறது. 'மேக்ரோ' என்று மட்டும் தேடினால் பாதி கண்ணில் படாது.

கேனன் 1500டி, 200டி போன்றவை ஈஎஃப், ஈஎஃப்-எஸ் என்ற இரண்டு லென்ஸ் வகைகளையும் ஏற்கும். பின்னாளில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) டிஎஸ்எல்ஆருக்குப் போகும் எண்ணமிருந்தால் ஈஎஃப்-எஸ் அங்கே பொருந்தாது.

ஆர்50, ஆர்10 மாதிரி மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் கேனனின் ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டர் போட்டுப் பழைய ஈஎஃப் மேக்ரோ லென்ஸ்களை ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிக்கான் இசட்50, இசட்30-க்கு எஃப்டிஇசட் அடாப்டர் இருக்கிறது. அதில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி போல உள்ளே மோட்டார் உள்ள லென்ஸ்களுக்கு மட்டும்தான் ஆட்டோஃபோகஸ். அடாப்டர் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

4. லென்ஸ் வாங்கும் முன் மூன்று மலிவு வழிகள்

மேக்ரோ உங்களுக்குப் பிடிக்குமா என்பதே இன்னும் தெரியாது. குனிந்து உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நூறு படம் எடுத்தால் இரண்டு தேறும். இந்தப் பொறுமை எல்லாருக்கும் வராது. அதனால் முதல் சில மாதங்களை இவற்றில் ஒன்றோடு ஓட்டுங்கள்.

ரிவர்ஸ் ரிங். சில நூறு ரூபாய். லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையம். ஃபில்டர் அளவு சரியாக இருக்க வேண்டும்: கேனன் 18-55 எஸ்டிஎம்-க்கு 58 மி.மீ, நிக்கான் ஏஎஃப்-பி 18-55-க்கு 55 மி.மீ. லென்ஸின் முன்பக்கத்தில், எண்ணோடு சேர்ந்த வட்டக் குறியில் இந்த அளவு அச்சாகியிருக்கும். திருப்பிய லென்ஸில் விதி தலைகீழ்: 55-ஐவிட 18-இல் அதிகமாகப் பெரிதாகும். இடைவெளி சுமார் 4 செ.மீ, அவ்வளவுதான். பிரச்சினை அபெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளை. கேனனில் அது முழுக்கத் திறந்தே நிற்கும், நிக்கானில் முழுக்க மூடி நிற்கும் (பின்னாலிருக்கும் சின்ன நெம்புகோலை ஒரு காகித மடிப்பால் தள்ளி நிறுத்த வேண்டும்). ஃபிலிம் காலத்து, அபெர்ச்சர் வளையமுள்ள பழைய 50 மி.மீ லென்ஸ் வீட்டு அலமாரியில் கிடந்தால் அதைத் திருப்பி மாட்டுங்கள், இந்தத் தொல்லையே இல்லை. ஒரு எச்சரிக்கை: லென்ஸின் பின்கண்ணாடி வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். மழைத்தூறலில் எடுக்காதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் டியூப். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே போடும் வெறும் குழாய், உள்ளே கண்ணாடி கிடையாது. இதில் இரண்டு ரகம். ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரகத்தில் மின்தொடர்பு இருக்காது, அபெர்ச்சரை மாற்ற முடியாது. தொடாதீர்கள். உள்விளிம்பில் பொன்னிறப் புள்ளிகள் உள்ளதை வாங்குங்கள், 1,500 முதல் 3,500 வரை ஆகும். மெய்க்கேயின் கேனன் செட்டில் 13, 21, 31 மி.மீ என மூன்று குழாய்கள். கணக்கு எளிது: குழாயின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் நீளத்தால் (லென்ஸ் பெயரில் வரும் மி.மீ எண்) வகுத்து, லென்ஸின் சொந்த உருப்பெருக்கத்தோடு கூட்டுங்கள். 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸில் 13-ம் 31-ம் போட்டால் 0.88, லென்ஸின் சொந்தக் கணக்கு 0.21, ஆக 1.09. முழு மேக்ரோ வந்துவிட்டது. அதே குழாயை 250 மி.மீ-இல் போட்டால் 0.18-தான் கூடும். கிட் லென்ஸில் 18-க்குச் சுருக்கினால் ஃபோகஸே ஆகாது, ஏனென்றால் ஃபோகஸ் புள்ளி லென்ஸுக்கு உள்ளே போய்விடும். 50 மி.மீ லென்ஸ் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு மட்டும் இது நல்ல பேரம்.

குளோஸ்-அப் லென்ஸ். லென்ஸின் முன்னால் மாட்டும் பூதக்கண்ணாடி மாதிரி. டெலி லென்ஸ் வைத்திருந்தால் இதுதான் என் முதல் சிபாரிசு. ஆனால் +1, +2, +4, +10 என்று நான்கு கண்ணாடி சேர்த்து ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் செட்டை விட்டுவிடுங்கள். ஒற்றைக் கண்ணாடி, ஓரமெல்லாம் ஊதா நிறம் கசியும். ரேனாக்ஸ் டிசிஆர்-150 அல்லது டிசிஆர்-250 வாங்குங்கள், ஆறிலிருந்து எட்டாயிரத்துக்குள் வரும். 52-லிருந்து 67 மி.மீ வரையுள்ள எந்த லென்ஸிலும் கிளிப் மாதிரி கவ்விக்கொள்ளும். 250 மி.மீ-இல் டிசிஆர்-150 போட்டால் சுமார் 1.2 மடங்கு, இடைவெளி சுமார் 20 செ.மீ. டிசிஆர்-250 போட்டால் சுமார் 2 மடங்கு, இடைவெளி 12 செ.மீ அளவில். ஃபோகஸை முடிவிலியில் வைக்கும்போது வரும் கணக்கு இது. புதியவருக்கு 150-தான் சரி. 250-ஐ வாங்கிவிட்டு வியூஃபைண்டரில் பூச்சியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று விற்றவர்கள் உண்டு. லென்ஸை 100-க்குக் கீழே சுருக்கினால் மூலைகள் கறுக்கும், அது பழுது இல்லை.

5. உண்மையான மேக்ரோ லென்ஸைத் தேர்ந்தெடுப்பது

முதலில் பெயர்ப் பொறி. 70-300 ஜூம் லென்ஸில் 'மேக்ரோ' என்று போட்டிருப்பார்கள். டாம்ரானின் பழைய 70-300 டி ஐ எல்டி மேக்ரோ அப்படி ஒன்று, 180-லிருந்து 300 வரை 1:2 தரும். மலிவுதான், பட்டாம்பூச்சிக்கு நல்லதும்கூட. 1:1 என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள். இப்படியொரு லென்ஸை "இதுவும் ஒன்-இஸ்-டு-ஒன்தான்" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் அடித்துச் சொன்னார். பையிலிருந்த ஸ்கேல் வேறு சொன்னது.

இப்போது இடைவெளிக் கணக்கு. லென்ஸ் விவரத்தில் 'மினிமம் ஃபோகஸ் டிஸ்டன்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். அது லென்ஸ் முனையிலிருந்து அளந்தது கிடையாது, சென்சாரிலிருந்து அளந்தது. கேமராவின் மேற்புறம் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு சின்னக் குறி இருக்கும், சென்சார் அங்கேதான். ஆகவே அந்த எண்ணிலிருந்து மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) ஆழத்தையும் (கேனன் டிஎஸ்எல்ஆருக்கு 44 மி.மீ, நிக்கானுக்கு 46.5) லென்ஸின் நீளத்தையும் கழியுங்கள். கேனன் ஈஎஃப்-எஸ் 35 மி.மீ மேக்ரோவுக்கு 130-லிருந்து 44, பிறகு 56 கழித்தால் மிச்சம் 30 மி.மீ. மூன்றே செ.மீ! ஃபோகஸ் செய்யும்போது நீளும் லென்ஸ்களில் இன்னும் குறையும்.

இதை வைத்து, கிடைக்கிற லென்ஸ்களை இப்படிப் பார்க்கலாம்.

நிக்கான் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 40 மி.மீ எஃப் 2.8, கேனன் ஈஎஃப்-எஸ் 35 மி.மீ எஃப் 2.8: இரண்டும் 1:1. விலை இருபதிலிருந்து முப்பதாயிரத்துக்குள். இடைவெளி 3 செ.மீ சுற்றுவட்டாரம். கேனனில் முன்பக்கமே எல்இடி விளக்கு இருக்கிறது, நகைக்கும் சமையல் படத்துக்கும் கச்சிதம். சிலந்திக்கு வேண்டாம். லென்ஸின் நிழலே அதன்மேல் விழும்.

கேனன் ஈஎஃப்-எஸ் 60 மி.மீ எஃப் 2.8: இடைவெளி 9-10 செ.மீ. சின்னது, கனமில்லாதது. செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

நிக்கான் டிஎக்ஸ் 85 மி.மீ எஃப் 3.5 விஆர்: இடைவெளி சுமார் 14 செ.மீ. பலர் கண்டுகொள்ளாத நல்ல லென்ஸ்.

டாம்ரான் 90 மி.மீ எஃப் 2.8, அதிலும் 272இ என்ற பழைய மாடல்: என் ஓட்டு இதற்குத்தான். செகண்ட் ஹேண்டில் பதினைந்து இருபதாயிரத்துக்குள் வருகிறது. ஃபோகஸ் செய்யும்போது குழல் வெளியே நீளும், மோட்டார் சத்தம் போடும், படம் மட்டும் குறையில்லை. இடைவெளி 10 செ.மீ அளவில். டோக்கினா 100 மி.மீ எஃப் 2.8 இதற்குச் சமம்.

நிக்கான்காரர்களுக்கு இங்கே ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. டாம்ரான் 272இ-யின் முதல் நிக்கான் பதிப்பிலும் டோக்கினாவின் பழைய 100-இலும் மோட்டார் கிடையாது. டி3500-இல் ஆட்டோஃபோகஸ் வராது என்பதால் விலை இறங்கியிருக்கும். 1:1-இல் யாருமே ஆட்டோஃபோகஸை நம்புவதில்லை. ஃபோகஸ் வளையத்தை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் துல்லியமாகத் தெரியும் நொடியில் அமுக்குவதுதான் வழக்கம். எனவே மேக்ரோவுக்கு மட்டும் என்றால் மோட்டார் இல்லாததையே பேரம் பேசி வாங்குங்கள். அதே லென்ஸில் குழந்தையின் போர்ட்ரெய்ட்டும் எடுக்க நினைத்தால் மோட்டார் உள்ளதுக்குப் போங்கள்.

சாதாரண ஸ்டெபிலைசேஷனுக்கென்று (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) பத்தாயிரம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 1:1-இல் அதன் உதவி வெகுவாகக் குறைந்துவிடும்.

மிரர்லெஸ்காரர்களுக்கு 7ஆர்டிசன்ஸ் 60 மி.மீ எஃப் 2.8 மாதிரி முழு மேனுவல் லென்ஸ்கள் இருக்கின்றன. 1:1, விலையும் கைக்கு அடக்கம். வாங்கும்போது மவுண்ட் எது என்று இரண்டு முறை சரிபாருங்கள்.

6. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

டார்ச்சை எடுத்துப் போங்கள், செல்ஃபோன் டார்ச் போதும். இரண்டு மூடியையும் கழற்றி, அபெர்ச்சரைத் திறந்து வைத்து, பின்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை நூல் மாதிரி கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அலமாரியில் தூங்கிய லென்ஸ்களுக்கு இது சகஜம். "துடைத்தால் போய்விடும்" என்பார்கள். கோட்டிங்கை அரித்திருந்தால் போகாது. நாலைந்து தூசி தெரிந்தால் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது.

அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு கூடாது. ஃபோகஸ் வளையத்தை மெதுவாக முழுதும் சுற்றுங்கள், கடைசியில் 1:1 பக்கம் மணல் அரைபடும் உணர்வு வந்தால் வேண்டாம். பிறகு உங்கள் கேமராவில் மாட்டி எஃப் 11-இல் ஒரு படம். அபெர்ச்சர் கேபிள் பழுதென்றால் அங்கேதான் எர்ரர் காட்டும்.

காகிதம்: அசல் பில் அல்லது நகல், அதில் உள்ள சீரியல் எண் லென்ஸில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பில் இல்லையென்றால் விற்பவரின் அடையாள அட்டை நகலும், சீரியல் எண், தேதி, தொகை எழுதிக் கையெழுத்திட்ட ரசீதும் வாங்குங்கள். தர மறுத்தால் திரும்பி வாருங்கள்.

நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். நீங்கள் விற்கும் பக்கத்தில் இருந்தால், "க்யூஆர் ஸ்கேன் செய்தால் பணம் வரும்" என்பதை நம்பாதீர்கள். யுபிஐ பின் போட்டால் பணம் போகும், வராது.

7. ஃபிளாஷுக்குப் பணம் ஒதுக்குங்கள்

பலரும் மொத்தப் பணத்தையும் லென்ஸில் போட்டுவிட்டு, படம் ஏன் இருட்டாகவும் கலங்கலாகவும் வருகிறது என்று விழிப்பது இங்கேதான். 1:1-இல் எஃப் 8 வைத்தாலும் (எஃப் எண் ஏற ஏற அபெர்ச்சர் சுருங்கும், ஆழம் கூடும்) ஃபோகஸில் இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் எஃப் 11-க்குப் போவீர்கள். லென்ஸ் நீள்வதால் இன்னும் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும், அதாவது கால் பங்காகும். மரநிழலில் இதற்கு ஃபிளாஷ் இல்லாமல் கதி இல்லை. எஃப் 16-க்கு மேலே போகாதீர்கள், படம் மொத்தமாக மழுங்கும்.

கோடாக்ஸ், யாங்னுவோவின் மேனுவல் ஃபிளாஷ்கள் 2,500-லிருந்து 5,000-க்குள் கிடைக்கும். வாங்கும் முன் கேமராவின் மேல் ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவைப் பாருங்கள். நடுவில் பெரிய வட்ட உலோகப் புள்ளி இருக்கிறதா? கேனன் 200டி மார்க் 2-இல் அது இல்லை. அப்படிப்பட்ட கேமராவில் ஒற்றைத் தொடர்பு கொண்ட மேனுவல் ஃபிளாஷ் எரியவே எரியாது. கேனனின் டிடிஎல் முறையை (வெளிச்சத்தைக் கேமராவே அளந்து ஃபிளாஷுக்குச் சொல்வது) ஆதரிக்கும் ஃபிளாஷை, உங்கள் மாடலில் வேலை செய்கிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

டிஃப்யூசருக்குக் காசு வேண்டாம். வெள்ளை ஃபோம் ஷீட்டை வளைத்து ஃபிளாஷிலிருந்து லென்ஸ் முனை வரை கூரை மாதிரி இறக்கி, முன்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். பூச்சியின் முதுகில் வெள்ளைப் பொட்டு விழுந்தால் பேப்பரை இன்னும் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தொடங்க: எம் மோட், 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் 1/8. இருட்டாக இருந்தால் ஃபிளாஷை ஏற்றுங்கள், ஷட்டரைத் தொடாதீர்கள்.

8. புதிதாக வாங்கினால்: பில், நாள், சோதனை

ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டியும் உண்டா என்று விலை பேசும் முன்பே கேளுங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட ஒட்டு இருக்க வேண்டும். இல்லாமல் மூவாயிரம் குறைத்துத் தந்தால் அது வேறு வழியில் வந்த சரக்கு, சர்வீஸ் சென்டரில் வாரண்டி கேட்டு நிற்க முடியாது. வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போடுபவர்கள் சுங்க வரியைச் சேர்த்தபின் உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள், பெரும்பாலும் மிச்சம் ஒன்றும் இருக்காது.

அவசரம் இல்லையென்றால் தீபாவளித் தள்ளுபடி வரை காத்திருக்கலாம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்போதுதான், பூச்சிகளுக்குப் பஞ்சமிருக்காது.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடுவை ஆர்டர் போடும் முன் படியுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வந்த அன்றே மூன்று சோதனை: ஸ்கேலை 1:1-இல் ஒரு படம், செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எஃப் 2.8, 5.6, 11-இல் ஒவ்வொரு படம், நான்கு மூலையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று. வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் ஒரு படம். கடைசிப் படத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். அது சென்சார் தூசி. லென்ஸைக் கழற்றி வேறொன்று மாட்டிப் பாருங்கள், அதே இடத்தில் அதே புள்ளிகள் இருக்கும்.

வீட்டில் லென்ஸைத் தோல் பையிலோ துணி அலமாரியிலோ வைக்காதீர்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் நூறு கிராம், நூற்றைம்பது ரூபாய் ஈரப்பத மீட்டர் ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். அந்த வாணலி மறுபடி சமையலுக்கு வேண்டாம்.